சுற்றுப் பதிவுக் கோப்பு குழம்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தோட்டக் கிணற்றில் நீர்மட்டம் பார்க்கும் பெட்டி, மீன் குளிரறையின் வெப்பநிலைப் பெட்டி, கூரைச் சூரியத் தகடுகளின் மின்னளவுப் பெட்டி எதைத் திறந்தாலும் உள்ளே ஏறத்தாழ ஒரே சாமான்தான்: சின்ன மைக்ரோகொன்ட்ரோலர், மணிக்கூட்டுச் சிப், மெமரி காட், காட்டுக்குள் அளவு மாறாத ஒரு கோப்பு. பதிவுகள் எல்லாம் ஒரே நீளம். கோப்பு நிரம்பியதும் முதல் கட்டத்துக்குத் திரும்பிப் பழையதன் மேல் புதியதை எழுதும். பழையது அழிவது பிழை இல்லை, அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறது.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் கிணற்றுப் பெட்டியின் அமைப்புக்கு உரியவை. உங்கள் பெட்டியின் எண்கள் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பு 1,048,576 பைட். முதல் 512 பைட் தலைப்பகுதி. மிச்சத்தில் 32 பைட் வீதம் 32,752 கட்டங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு பதிவு, நாளைக்கு 288. ஆகவே 113 நாள் 17 மணி 20 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். பதிவுக்குள்: 0–3 தொடர் எண், 4–7 நேரம், 8–9 நீர்மட்டம் மில்லிமீற்றரில், 10–11 மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு மைக்ரோசீமென்ஸ் கணக்கில், 12–13 வெப்பநிலை பத்தால் பெருக்கியது, 14–15 பற்றரி மில்லிவோல்ற்றில், 16–29 வெறுமை, 30–31 சிஆர்சி, அதாவது முன்னுள்ள பைட்களிலிருந்து கணக்கிட்டு வைக்கும் சரிபார்ப்பு எண். 14 பைட் வீணாகிறதே என்று குறைக்க வேண்டாம். 512 ஐ 32 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் எந்தப் பதிவும் இரண்டு செக்டருக்கு (காட் எழுதும் 512 பைட் துண்டுக்கு) குறுக்கே விழாது. 27 பைட் பதிவு வைத்தவர்கள் கரண்ட் போகும்போது ஒன்றுக்கு இரண்டு செக்டரைக் கெடுத்துக்கொள்வார்கள்.

தொடர் எண்ணை 32,752 ஆல் வகுத்த மீதிதான் கட்ட எண். 41,217 ஆம் பதிவு 8,465 ஆம் கட்டத்துக்குப் போகும். கோப்பில் அது 271,392 ஆவது பைட்டில் தொடங்கும்.

எதையும் தொட முன்

காட்டைக் கழற்றி, அடப்டரின் பூட்டை இழுத்துவிட்டுக் கணினியில் போடுங்கள். "காட்டில் பிழை இருக்கிறது, திருத்தவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கோப்பை வெட்டிவிட்டால் சோதிக்க எதுவும் மிஞ்சாது. முழுக் காட்டையும் ஒரு இமேஜ் கோப்பாகப் படி எடுத்து, இனி எல்லா வேலையையும் அந்தப் படியிலேயே செய்யுங்கள்.

பிறகு ஒரு சின்னச் சோதனை நிரல், எந்த மொழியிலும் இருபது வரிக்கு மேல் வராது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி: சிஆர்சி சரியா? தொடர் எண்ணின் மீதி இந்தக் கட்ட எண்ணோடு பொருந்துகிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அதைக் கேட்டாலே பாதிப் பிழைகளின் முகவரி தெரிந்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு: சிஆர்சி கணக்கைப் பூச்சியத்தில் தொடங்கினால், 32 பைட்டும் பூச்சியமாக உள்ள வெற்றுக் கட்டமும் "சரி" என்று தேறிவிடும். தொடக்கத்தை 65,535 ஆக வையுங்கள். எல்லாம் 0 அல்லது எல்லாம் 255 என்றால் அது எழுதப்படாத கட்டம்.

அறிகுறி: கோப்பு எல்லை தாண்டி வளர்கிறது

கூடுதல் அளவை 32 ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் போனால் கோப்பு "இறுதியில் சேர்" முறையில் திறக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் எந்த இடத்துக்கு நகர்த்திவிட்டு எழுதினாலும் எழுத்து கோப்பின் வாலுக்கே போகும். ஆர்டுயினோவின் எஸ்டி லைப்ரரியில் "ஃபைல் ரைட்" என்ற ஆயத்தச் சொல்லுக்குள்ளேயே இந்தச் சேர்ப்பு முறை ஒளிந்திருக்கிறது. அதை விட்டு வாசி, எழுது, இல்லாவிட்டால் உருவாக்கு என்ற மூன்றை மட்டும் தனித்தனியாகக் கொடுங்கள். கணினியில் "ஆர் பிளஸ் பி" முறை. "டபிள்யூ" முறை திறந்த கணமே கோப்பை வெறுமையாக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாலில் சேர்ந்த பதிவுகள் கெட்டவை அல்ல. 1,048,576 க்குப் பிறகு உள்ளவற்றை வரிசையாக வாசித்தால் அப்படியே கிடைக்கும்.

மீதி வந்தால், அதாவது கோப்பு ஏழு பைட், பதினொரு பைட் என்று அரைகுறையாகப் பெருத்திருந்தால், அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: எண்கள் நம்ப முடியாதவை

*ஓர் இடம் வரை சரி, அதற்குப் பிறகு எல்லாமே பிழை*

இதை வடிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆளை நன்றாக ஏமாற்றும். ஒரு நல்ல பதிவின் 8 முதல் 15 வரையான பைட்கள் தசமத்தில் இப்படி: 203, 12, 200, 5, 35, 1, 172, 15. சிறிய பைட் முன்னால், பெரியது பின்னால். நீர்மட்டம் 203 + 12×256 = 3,275 மில்லிமீற்றர். கடத்துதிறன் 200 + 5×256 = 1,480. வெப்பநிலை 29.1 பாகை. பற்றரி 4.012 வோல்ற்.

இதற்கு முன்னால் எங்கேயோ ஒரு பைட் கூடுதலாக நுழைந்துவிட்டது என்று வையுங்கள். எல்லாம் ஒரு பைட் பின்னே தள்ளப்படும். இப்போது கடத்துதிறனின் இடத்தில் 12, 200 நிற்கும். 12 + 200×256 = 51,212. கடல்நீரின் கடத்துதிறன் 50,000 அளவில் வருவது. யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டக்காரர் ஒருவர் இந்த எண்ணைக் கண்டால் "கிணத்துக்கு உவர் ஏறிட்டுது" என்று மோட்டரை நிறுத்திவிடுவார். ஆனால் அதே பதிவின் மற்ற எண்களையும் பாருங்கள்: வெப்பநிலை 896.5 பாகை, பற்றரி 44 வோல்ற், நீர்மட்டம் மைனஸ் 13 மீற்றர் சொச்சம். கிணறு ஒருநாளும் இப்படிக் கொதிக்காது.

காரணம் பெரும்பாலும் காட்டில் இல்லை, படியெடுத்த வழியில். விண்டோஸில் கோப்பை எழுத்து முறையில் திறந்து எழுதினால், அல்லது எஃப்டிபி வழியாக எழுத்து முறையில் அனுப்பினால், மதிப்பு 10 உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு 13 செருகப்படும். கணினிக்கு 10 என்றால் புதுவரி, நமக்கோ அது ஒரு அளவீட்டின் துண்டு. கோப்பு எத்தனை பைட் பெருத்ததோ அத்தனை செருகல். முதலில் காட்டிலிருந்து பைனரி முறையில் மறுபடி படியெடுங்கள். காட் கையில் இல்லை, கெட்ட படி மட்டும்தான் என்றாலும் பயமில்லை: ஒவ்வொரு 10 க்கும் முன்னாலுள்ள ஒரேயொரு 13 ஐ நீக்கினால் மூலம் துல்லியமாகத் திரும்பும். நீக்கிய பின் அளவு 1,048,576 க்கு வந்து சிஆர்சி எல்லாம் தேறினால் வேலை முடிந்தது.

*முதல் பதிவிலிருந்தே எல்லாம் பிழை*

எழுதிய இடத்திலும் வாசிக்கும் இடத்திலும் பதிவின் நீளம் வேறு. ஆர்டுயினோ ஊனோ போர்டில் இன்ட் என்ற முழு எண் வகை 2 பைட், டபிள் என்ற தசம எண் வகை 4 பைட். ஈஎஸ்பி32 போர்டில் இன்ட் 4, டபிள் 8. அதோடு ஊனோவின் கொம்பைலர் இடைவெளி விடாது. ஈஎஸ்பி32 உம் கணினியும் ஒரு பைட் கொடிக்குப் பின்னால் 4 பைட் எண் வந்தால் நடுவில் 3 பைட்டை வெறுமையாக விடும். பெட்டியின் போர்டை மாற்றிய பிறகு வரும் குழப்பம் பெரும்பாலும் இதுதான். நீளம் பெயரிலேயே உள்ள எண் வகைகளைப் பயன்படுத்துங்கள், பெரியதை முன்னும் சிறியதைப் பின்னும் அடுக்குங்கள், பதிவு 32 பைட் இல்லாவிட்டால் கொம்பைலரே மறுக்கும்படி ஒரு வரி போடுங்கள்.

*ஒரு அளவு மட்டும் விசித்திரம், மற்றவை சரி, சிஆர்சியும் சரி*

கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். உணரியை அல்லது தண்ணீரையே பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் நல்ல தண்ணீர் உவர் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ளது மேலே வரும். அப்படி ஏறும் உவர் பதிவுக்குப் பதிவு ஏறிக்கொண்டு வரும். ஒரே ஒரு பதிவில் குதித்து அடுத்ததில் இறங்கினால் அது வயர் தளர்ச்சி.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு கடைசிப் பதிவு கெட்டிருக்கிறது, அல்லது கோப்பே பூச்சியம்

கோப்பு பூச்சியம் என்றால், அது முன்கூட்டியே முழு அளவுக்கு நிரப்பப்படவில்லை. வளரும் கோப்பின் புதிய நீளம் மூடும்போதோ ஃபிளஷ் செய்யும்போதோதான் (கையிருப்பிலுள்ளதைக் காட்டில் எழுதி முடிக்கச் சொல்லும்போதுதான்) காட்டின் அட்டவணையில் ஏறும். அதற்கு முன் கரண்ட் போனால் எழுதியது காட்டில் கிடக்கும், அட்டவணையோ ஒன்றுமில்லை என்று சொல்லும். இமேஜ் படியிலிருந்து 32 பைட் கட்டங்களாகத் தேடினால், காட்டில் வேறு எதுவும் எழுதப்படாதவரை, பெரும்பகுதி கிடைக்கும். நிரந்தர வழி: முதல் நாளே 1,048,576 பைட்டையும் 255 ஆல் நிரப்பி வையுங்கள். பிறகு நீளம் மாறவே மாறாது.

கோப்பு இருக்கிறது, கடைசிப் பதிவு மட்டும் சிஆர்சி தேறவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். சிஆர்சி வைத்ததே அதற்காகத்தான். பெட்டி தொடங்கும்போது அதை ஒதுக்கிவிட்டு, தேறியவற்றில் மிகப் பெரிய தொடர் எண்ணுக்கு அடுத்ததிலிருந்து எழுத வேண்டும்.

ஒவ்வொரு மின்வெட்டுக்கும் ஒன்று கெடுகிறது என்றால் மின்வழங்கலைப் பாருங்கள். "1,000 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் சரி" என்று சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: 100 மில்லியம்பியர் இழுக்கும் பெட்டிக்கு, 0.5 வோல்ற் விழும்வரை அது தாங்குவது 5 மில்லிசெக்கன். காட் ஒரு தடவை எழுத 250 மில்லிசெக்கன் வரை எடுக்கலாம். ஐம்பது மடங்கு குறைவு. 18650 வகை லிதியம் பற்றரியும் அதற்குரிய சார்ஜ் போர்டும் வைப்பதுதான் சரியான வழி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு அறிவித்த நாடு இலங்கை, கெப்பாசிட்டரை நம்பிப் பெட்டி பூட்ட முடியாது.

மோட்டர் போடும் நேரத்தில் மட்டும் கெடுகிறது என்றால், பெட்டியின் சாஜரை மோட்டர் லைனிலிருந்து பிரித்து வேறு லைனில் போட்டுப் பாருங்கள். மெல்லிய யூஎஸ்பி வயரையும் மாற்றுங்கள், அது தரும் வீழ்ச்சியே சிலவேளை போதும்.

அறிகுறி: புதிய பதிவுகளுக்கு நடுவே பழையது ஒன்று

அதன் தொடர் எண்ணைப் பக்கத்திலுள்ளதோடு ஒப்பிடுங்கள். எதிர்பார்த்த எண்ணை விடச் சரியாக 32,752 குறைவு, நேரம் 113 நாள் முந்தியது என்றால், அந்தக் கட்டத்துக்கு இந்தச் சுற்றில் எழுத்து நடக்கவில்லை, போன சுற்றின் பதிவு அப்படியே இருக்கிறது. எழுதுவது தோற்றும் தொடர் எண்ணைக் கூட்டிவிட்டுப் போகும் நிரல்தான் இதைச் செய்யும். எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரி பார்த்த பிறகுதான் எண்ணைக் கூட்ட வேண்டும். தலையை, அதாவது அடுத்து எழுத வேண்டிய கட்டத்தை, கண்டுபிடிக்க இருபாதித் தேடல் (ஒவ்வொரு தாவலிலும் பாதியை ஒதுக்கித் தேடுவது) வைத்திருந்தால், அந்த 15 தாவல்களில் ஒன்று இந்தப் பழைய பதிவில் விழுந்தால் போதும், பெட்டி பிழையான இடத்திலிருந்து எழுதத் தொடங்கும். தொடக்கத்தில் முழுக் கோப்பையும் ஒருமுறை வாசிப்பது சில வினாடி வேலை, அந்தச் செலவைக் கொடுங்கள்.

தொடர் எண் பல இடங்களில் கட்டத்தோடு பொருந்தவில்லை என்றால், யாரோ கோப்பைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கட்டங்களின் எண்ணிக்கை மாறியதும் மீதிக் கணக்கும் மாறும். பழைய கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். கட்ட எண்ணிக்கை தலைப்பகுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும், நிரலுக்குள் மட்டும் இருந்தால் போதாது.

அறிகுறி: நேரம் குழம்பியிருக்கிறது, தொடர் எண் ஒழுங்காக இருக்கிறது

தரவு சுகமாக இருக்கிறது, மணிக்கூடுதான் நோயாளி. தொடர் எண்ணால் வரிசைப்படுத்துங்கள், நேரத்தால் ஒருபோதும் வேண்டாம்.

சரியாக 5 மணி 30 நிமிடம் முன்னோ பின்னோ என்றால், 19,800 செக்கனை யாரோ இரண்டு முறை கூட்டியிருக்கிறார்கள் அல்லது கூட்டவேயில்லை. பதிவில் உலகப் பொதுநேரம், திரையில் நம் நேரம் என்று ஒரே முடிவாக வையுங்கள்.

2000 ஜனவரி 1 க்குப் போய்விட்டது என்றால் மணிக்கூட்டுச் சிப்பான டிஎஸ்3231 இன் பற்றரி தீர்ந்திருக்கிறது. மாற்ற முன் ஒன்று: நீல நிற மலிவுப் போர்டுகளில் சார்ஜ் செய்யும் ஒரு சுற்று இருக்கிறது, அது சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 க்கானது. சாதாரண சிஆர்2032 ஐப் போட்டு 5 வோல்ற் கொடுத்தால் பற்றரி வீங்கும். டயோடுக்குப் பக்கத்திலுள்ள 200 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். அந்தச் சிப்பின் நிலைப் பதிவேட்டில் 7 ஆம் பிட் 1 ஆக இருந்தால் மணிக்கூடு இடையில் நின்றிருக்கிறது. நிரல் தொடங்கும்போது அதை வாசித்து, பதிவின் வெறுமை பைட் ஒன்றில் குறித்து வைத்தால் பிறகு தலையைப் பிய்க்க வேண்டியதில்லை.

அறிகுறி: 113 நாள் இருக்க வேண்டும், ஒரு கிழமைத் தரவுதான் இருக்கிறது

7 நாள் 2 மணி 40 நிமிடமா? 2,048 பதிவுகள். 2,048×32 = 65,536. இடத்தைக் கணக்கிடும் மாறி 16 பிட். அது நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்ப, பெட்டி முதல் 64 கிலோபைட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 3 நாள் 13 மணி 20 நிமிடத்தில் குழம்பினால் அதே பிழை, குறியுள்ள 16 பிட்: 1,024 ஆவது கட்டத்தில் மறை எண்ணாகிறது. பெருக்க முன்னரே 32 பிட்டுக்கு மாற்றுங்கள். பெருக்கிய பின் மாற்றினால் பயனில்லை.

அறிகுறி: குறித்த நாட்கணக்கில் நின்றுவிடுகிறது

நாளை எண்ணுங்கள். 49 நாள் 17 மணி என்றால் மில்லிசெக்கன் எண்ணி 32 பிட் நிரம்பியிருக்கிறது: "இப்போது, அடுத்த நேரத்தை விடப் பெரிதா" என்று கேட்காமல் "இப்போது கழித்தல் போன நேரம், இடைவெளியை விடப் பெரிதா" என்று எழுதுங்கள். 227 நாள் என்றால் தொடர் எண் 16 பிட். ஒரு நிமிடப் பதிவானால் இது 45 நாள் 12 மணியில் வரும். 65,535 வந்தபோது பெட்டி 31 ஆம் கட்டத்தில் நிற்கும், அடுத்தது பூச்சியத்துக்குத் தாவி, சற்றுமுன் எழுதிய 32 பதிவுகளை அழிக்கும்.

ஒரு வருடம் அளவில் தலை எங்கே என்று மறக்கத் தொடங்கினால், தலையின் இடத்தை ஊனோவின் உள் ஈஈபிரொமில் (மின் போனாலும் அழியாத நினைவகத்தில்) ஒரே முகவரியில் எழுதிவருகிறீர்களா என்று பாருங்கள். அதற்குச் சொல்லப்பட்ட ஆயுள் 100,000 தடவை எழுதுவது. நாளைக்கு 288 என்றால் 347 நாள். தலையை எங்கும் எழுதி வைக்கவே வேண்டாம், தொடர் எண்ணே சொல்லும்.

அறிகுறி: காட் இல்லாத பெட்டி, சிஆர்சி எதுவுமே தேறவில்லை

மணிக்கூட்டுப் போர்டிலுள்ள ஏடி24சி32 நினைவகச் சிப்பில் எழுதும் பெட்டிகள் இவை. 4,096 பைட், 128 பதிவு. அந்தச் சிப்போடு பேசும் ஊனோவின் "வயர்" என்ற லைப்ரரி ஒரு தடவைக்கு 32 பைட்தான் கொள்ளும், அதில் முகவரிக்கு 2 போகும். ஆகவே 32 பைட் பதிவின் கடைசி இரண்டு பைட் சத்தமில்லாமல் விழுந்துவிடும். அந்த இரண்டுதான் சிஆர்சி. 16 வீதம் இரண்டு தடவையாக எழுதி, நடுவில் 10 மில்லிசெக்கன் விடுங்கள். பதிவின் பின்பாதி முன்பாதியின் மேல் விழுகிறது என்றால் பக்க எல்லை: 32 பைட் பக்கத்தின் முடிவைத் தாண்டினால் சிப் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பும்.

அறிகுறி: சிஆர்சி பிழைகள் அங்கொன்று இங்கொன்று

மலிவிலிருந்து தொடங்குங்கள். காட்டைக் கழற்றி மாட்டுங்கள். குருநகர், காரைநகர், மயிலிட்டி போன்ற கரையோரத்தில் சோளகக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும், சொக்கற்றின் ஊசிகளில் பச்சை படியும். ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மென்மையான பிரஷும் போதும். பெட்டியின் வயர் துளைகளைக் கீழ்ப்பக்கம் வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். அடுத்து காட்டுக்குப் போகும் வயர்களைக் குட்டையாக்குங்கள், வேகத்தை 4 மெகாஹேட்ஸுக்குக் குறைத்துப் பாருங்கள். அதற்கடுத்து வேறு காட், 32 ஜிபிக்கு மேற்படாதது, ஃபட்32 இல் ஃபோர்மற் செய்தது. கடைசியாகத்தான் போர்டு.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

காட்டைக் கணினி காணவேயில்லை, அல்லது மாட்டியதும் சுடுகிறது: மேலும் மின் கொடுக்காமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். குளிரறைப் பதிவை ஏற்றுமதி வாங்குபவரோ காப்புறுதிக்காரரோ கேட்டிருந்தால் மூலக் காட்டில் கையே வைக்காதீர்கள், படியையும் வேறொருவர் முன்னிலையில் எடுப்பது நல்லது.

புதிய காட், சுத்தமான சொக்கற், வேறு சாஜர் எல்லாம் போட்ட பிறகும் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சிஆர்சி தேறாவிட்டால், எழுதும் கணத்தில் 3.3 வோல்ற் எவ்வளவு விழுகிறது என்று ஒசிலோஸ்கோப்பில் பார்க்கும் எலக்ட்ரோனிக்ஸ் வேலைக்காரர் வேண்டும். சாதாரண மல்ரிமீற்றர் அந்த வீழ்ச்சியைக் காட்டாது. சிப்புக்கு அடியில் பச்சை ஏறியிருந்தால் போர்டை மாற்றுவது, திருத்துவதை விடக் கிட்டத்தட்ட எப்போதும் மலிவு.

மோட்டர் அறையின் 230 வோல்ற் பக்கத்தை, அதுவும் ஈரத் தரையில், மின்வேலை தெரிந்தவர் தவிர யாரும் திறக்கக் கூடாது. போகும்போது எர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள்.